சுமையைத் தீர்மானிக்கும் இடைவெளி

வெளிநாட்டில் நீண்ட தூரம் சைக்கிளில் போகத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் பையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மூன்று மாதப் பயணம் என்றதும் மூன்று மாதத்துக்கு வேண்டிய சாமான் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. சட்டை ஆறு, சோப்பு நான்கு, டியூப் ஐந்து என்று பட்டியல் நீள்கிறது. மொத்தம் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் என்பதற்கும் பையின் எடைக்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். ஒரு பொருள் கிடைக்கும் ஓர் இடத்துக்கும் அது மறுபடி கிடைக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே வழியில் எத்தனை நாள் இடைவெளி விழுகிறதோ, அதற்கு மட்டும்தான் சுமக்க வேண்டும். பத்து நாள் பயணமானாலும் பத்து மாதப் பயணமானாலும் இதுவே அளவு. அதனால் முதல் வேலை வரைபடத்தை விரிப்பது. மிக நீண்ட இடைவெளி எங்கே, எதற்கு என்று கண்டுபிடித்த பிறகுதான் பை எவ்வளவு பெரியது என்ற கேள்வியே எழ வேண்டும்.

மூன்று வழிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். யூரோவெலோ 6 என்ற தடம் பிரான்சின் அட்லாண்டிக் கரையில் தொடங்கி, லுவார் ஆற்றோரமும் பிறகு டான்யூப் ஆற்றோரமும் ஓடி, ருமேனியாவின் கருங்கடல் கரையில் முடிகிறது. ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர், பத்து நாடுகள். ஆனால் அதன் பெரும்பகுதியில் ஒரு மணி நேரம் மிதித்தால் ஓர் ஊர் வந்துவிடும். அங்கே ரொட்டிக் கடை, மருந்துக் கடை, முகாம் மைதானம் என்று ஏதாவது ஒன்றாவது இருக்கும். இந்தத் தடத்தில் கவனிக்க வேண்டிய இடைவெளி தூரத்தில் இல்லை, கிழமையில் இருக்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையன்றும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் நிலையங்கள் போன்றவை விதிவிலக்கு. சனிக்கிழமை மாலை ஒன்றரை நாள் உணவு வாங்கிக்கொண்டால் போதும். ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியைக் கடக்கும் ஏர் நெடுஞ்சாலையின் கதை வேறு. பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 182 கிலோமீட்டர்; அதில் 146 கிலோமீட்டருக்கும் மேலே ஒரு வளைவுகூட இல்லாத நேர்கோடு. இரண்டு முனைகளிலும் பெட்ரோலும் சாப்பாடும் விற்கும் சாலையோர விடுதி இருக்கிறது, நடுவில் ஊரே கிடையாது. இரண்டு நாளில் கடந்தாலும் குடிக்க, சமைக்க 10 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதுவே 10 கிலோ. தஜிகிஸ்தானின் பாமீர் நெடுஞ்சாலையில் தண்ணீர் ஓடைகளில் கிடைக்கும், வடிகட்டினால் போதும். அங்கே இடைவெளி உணவுக்கும் உதிரிப் பாகத்துக்கும் கதகதப்புக்கும். கோரோகிலிருந்து முர்காப் வரை சுமார் 310 கிலோமீட்டர்; வழியில் சில சிறு கிராமங்களும் தங்கும் வீடுகளும் உண்டு, கடை என்று நம்பிப் போக அதிகமில்லை. முர்காபுக்கு அப்பால் அக்பைத்தால் கணவாய் 4,655 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. யூரோவெலோ 6-இன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த வழிக்குத்தான் அதிகச் சுமை வேண்டும்.

இந்தக் கணக்கைப் பழைய பயணிகள் தங்கள் அனுபவத்திலேயே கண்டுகொண்டார்கள். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து முன்சக்கரம் மார்பளவு உயரத்துக்கு இருந்த சைக்கிளில் கிளம்பிய தாமஸ் ஸ்டீவன்ஸ், காலுறை, மாற்றுச் சட்டை ஒன்று, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட மழைக்கோட்டு, கைத்துப்பாக்கி ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். 1886 முடிவில் யோகோஹாமாவில் உலகச் சுற்றை நிறைவு செய்தார். 1894-இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ஆனி லண்டன்டெரி, சுமார் 19 கிலோ எடையுள்ள பெண்கள் சைக்கிளில் சிகாகோ வரை வந்தபோது அது சரிப்படாது என்று உணர்ந்து, ஏறத்தாழ அதில் பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். நீண்ட தூரங்களைக் கப்பலில் கடந்தவர் என்றாலும், மாற்றியது எடையை என்பதுதான் நமக்குப் பாடம். 1963-இல் ஐரோப்பாவிலிருந்து டெல்லி வரை மிதித்து வந்த ஐரிஷ் எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபி இன்னும் துல்லியமாக யோசித்தார்: மாற்று டயர்களைத் தன் சைக்கிளில் கட்டிக்கொள்ளாமல் வழியில் உள்ள நகரங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார். டயர் கிடைக்காத இடைவெளியைத் தபால் மூலம் சுருக்கினார் என்று இதைச் சொல்லலாம். இன்றும் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் போன்ற நாடுகளில் பயணியின் பெயருக்கு வரும் பார்சலைத் தபால் நிலையத்தில் வைத்திருந்து கொடுக்கும் வசதி இருக்கிறது. குளிர் முடிந்ததும் கனத்த உடுப்பைத் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிவிடவும் அதே தபால் உதவும்.

எடை உண்மையில் எவ்வளவு துன்பம் தருகிறது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர், 15 கிலோ சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 10 கிலோ சாமான் ஏற்றுகிறார், இன்னொருவர் 25 கிலோ. இருவரும் நாள் முழுதும் தாங்கக்கூடிய 120 வாட் வலுவில் மிதிக்கிறார்கள். காற்றில்லாத சமதளத்தில் இருவரின் வேக வித்தியாசம் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு; அங்கே எதிரி காற்றுதான், எடை அல்ல. 6 விழுக்காடு ஏற்றத்தில் முதலாமவர் மணிக்குச் சுமார் 6.8 கிலோமீட்டர் போவார், இரண்டாமவர் 5.9. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறி முடிக்கும்போது வித்தியாசம் 23 நிமிடம். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நேரத்தை மட்டும் பார்த்தால் பெரிய இழப்பில்லை. இழப்பு முழங்காலில் தெரியும். முன்பல் 30, பின்பல் 28 கொண்ட கியரில் அந்த 5.9 கிலோமீட்டர் வேகத்துக்கு மிதிப்பு நிமிடத்துக்கு 44 முறைதான் வரும். ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அதிக விசையைத் தாங்க வேண்டியிருக்கும். இது வாரக்கணக்கில் தொடர்ந்தால் பயணம் அங்கேயே நின்றுவிடலாம். இறங்கித் தள்ள வேண்டிய சரளைச் சாலை, படிகள் மட்டுமே உள்ள ரயில் நிலையம், மூன்றாவது மாடி விடுதி அறை இவற்றிலெல்லாம் சக்கரம் சுமையைத் தாங்காது, தோள்தான் தாங்கும். பின்சக்கரத்தின் மேல் குவியும் எடையால் ஸ்போக் உடைவதும், ரேக்கின் போல்ட் தளர்வதும் இதே கணக்கில் சேரும். ஆகவே சாமானைக் குறைப்பதோடு கியரையும் இறக்க வேண்டும். முன்பல் 26, பின்பல் 36 என்று அமைத்தால் அதே ஏற்றத்தில் மிதிப்பு 65-க்கு உயரும். மலைப்பாதைக்குப் போகிறவர் இரண்டில் ஒன்றை மட்டும் செய்து திருப்தி அடையக்கூடாது.

இடைவெளியை அளவுகோலாகக் கொண்டால் பொருள்கள் தாமாக மூன்று வகையாகப் பிரியும். தீர்ந்துபோகிறவை முதல் வகை: உணவு, சோப்பு, பற்பசை, செயின் எண்ணெய், பிரேக் கட்டை, செயின். செயின் வழக்கமாக 3,000 முதல் 5,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். யூரோவெலோ 6-இல் போகிறவர் புதுச் செயினை வியன்னாவிலோ புடாபெஸ்டிலோ வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், பிரான்சின் நான்ட் நகரிலிருந்து சுமந்து வர வேண்டியதில்லை. நாள் கூடினாலும் கூடாதவை இரண்டாம் வகை: கூடாரம், உறங்கும் பை, உடை, சமையல் பாத்திரம். மிதிக்க இரண்டு சோடி, இறங்கியபின் உடுத்த ஒரு சோடி என்பது மூன்று நாளுக்கும் சரி, முந்நூறு நாளுக்கும் சரி. ஒரு சோடியைத் தினமும் மாலையில் அலசிப் போட்டால் போதும். பருத்தி காயத் தாமதமாகும் என்பதால் மெல்லிய செயற்கை இழையோ மெரினோ கம்பளியோ நல்லது. மூன்றாவது வகையைத்தான் அனுபவமில்லாதவர்கள் கவனிப்பதில்லை. எடை அற்பம், ஆனால் வழியில் எங்கும் கிடைக்காது: சட்டகத்துக்கே உரிய பின்கியர்த் தாங்கி, சரியான நீளத்தில் இரண்டு மூன்று ஸ்போக்குகள், செயினை இணைக்கும் கண்ணி, ரேக்கின் போல்ட். பின்கியர்த் தாங்கி ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம். பாரிஸில்கூட உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சில பத்து கிராம் எடையுள்ள அது இல்லாமல் போனால் பயணம் ஒரு வாரம் நின்றுவிடும். எங்கும் கிடைக்கும் சோப்பை நான்கு வாங்கி வைத்துவிட்டு இதை விட்டுவிட்டுப் போகிற பையைக் கனமான பை என்று சொல்லலாம், தயாரான பை என்று சொல்ல முடியாது.

ஆபத்து வந்தால் என்ன செய்வது, எல்லாம் கையில் இருந்தால்தானே தைரியம் என்பது வலுவான ஆட்சேபம். தனியாகப் போகிறவருக்கு அது இன்னும் வலுவானது. இதற்குப் பதில், ஒவ்வொரு பொருளையும் மூன்று கேள்விகளுக்கு உட்படுத்துவது. இது இல்லாமல் போனால் உயிருக்கோ உடலுக்கோ கேடு வருமா? இது இல்லாமல் அடுத்த ஊர் வரை எப்படியாவது போய்ச் சேர முடியுமா? சேர்ந்த ஊரில் இது கிடைக்குமா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் எடையைப் பற்றி யோசிக்கவே கூடாது. தினசரி மருந்துகளும் அவற்றுக்கான மருத்துவர் சீட்டும், மழைச்சட்டை, விளக்குகள், தண்ணீர் சுத்திகரிக்கும் வழி, குளிருக்கேற்ற உறங்கும் பை ஆகியவை இந்தப் பிரிவில் வரும். பாமீரில் கோடையிலும் இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். அங்கே அரை கிலோ மிச்சம் பிடிக்க மெல்லிய உறங்கும் பை எடுத்துப் போவது அறிவீனம். இரண்டாவது கேள்வியிலும் மூன்றாவது கேள்வியிலும் ஆம் என்று பதில் வந்தால் அந்தப் பொருளை வீட்டிலேயே வைத்துவிடலாம். கூடுதல் காலணி, கனத்த புத்தகம், மூன்றாவது சட்டை, பெரிய கருவிப் பெட்டி எல்லாம் இதில் அடிபட்டுப்போகும். இப்படிப் பார்த்தால் லேசான பை என்பது துணிச்சல்காரரின் பந்தயமாக இருக்காது; எதை இழந்தால் என்ன ஆகும் என்று முன்பே யோசித்தவரின் பையாக இருக்கும்.

லேசான கருவிகள் விலை அதிகம், அது வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்று இன்னொரு ஆட்சேபம். ஒரு கிலோ கூடாரத்துக்கும் இரண்டரைக் கிலோ கூடாரத்துக்கும் விலையில் பெரிய இடைவெளி இருப்பது உண்மை. ஆனால் எடுத்துப் போகாத பொருளுக்கு விலையே இல்லை. 25 கிலோவிலிருந்து 15 கிலோவுக்கு வர எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை, பட்டியலை அடித்தால் போதும். 15-லிருந்து 10-க்கு வரத்தான் பணம் தேவைப்படும், அதுவும் எல்லாருக்கும் தேவையில்லை. பணம் செலவழிப்பதென்றால் உறங்கும் பையில் செலவழியுங்கள். எடைக் குறைவும் கதகதப்பும் ஒருசேரக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். பை விஷயத்தில் பெரிய கொள்ளளவு வாங்காதீர்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பையில் இடம் இருந்தால் அது நிரம்பியே தீரும். பின்சக்கரத்தின் இருபுறமும் 20 லிட்டர் கொண்ட நீர்புகாப் பைகள் இரண்டு, ஹேண்டில்பாரில் ஒன்று என்பதற்குள் முடித்துக்கொள்ளலாம். முன்சக்கரப் பைகள் நல்லர்பாரின் தண்ணீருக்கோ பாமீரின் உணவுக்கோ தேவைப்படலாம். ஐரோப்பியக் கோடைக்குத் தேவையில்லை.

உணவு விஷயத்தில் நம் வாசகர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு, அதைச் சட்டென்று ஒதுக்கிவிடக்கூடாது. சைவ உணவுக்காரர் மத்திய ஆசியக் கிராமங்களில் ரொட்டி, தேநீர், சில காய்கறிகளோடு சமாளிக்க நேரும். அடுப்பும் அரிசியும் பருப்பும் எடுத்துப் போனால் என்ன என்று தோன்றும். 4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே சாதாரணப் பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகும் என்று காத்திருந்தால் எரிபொருள்தான் தீரும். அவல், வறுத்த ரவை, சேமியா, பொடித்த பொட்டுக்கடலை, வேர்க்கடலை இவை எடைக்கு நிறைய ஆற்றல் தருபவை. அவலுக்கு அடுப்பே வேண்டாம், ஊறினால் போதும். மலையில் நாள் முழுதும் மிதிப்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவு உலர்ந்த உணவு வேண்டும் என்று கொள்ளுங்கள். அதனால் உணவைச் சுமப்பது மிக நீண்ட இடைவெளியின் நாள் எண்ணிக்கைக்கும் அதற்கு மேல் ஒரு நாளைக்கும் மட்டும். வீட்டிலிருந்து மசாலாப் பொடி, ஊறுகாய், கொஞ்சம் பெருங்காயம் என்று 300 கிராம் எடுத்துப் போவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். நாற்பதாவது நாள் அது தரும் தெம்பு எடையில் அடங்காது. ஆனால் நாட்டுச் சட்டங்களைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோக முடியாது, நெய்யும் அதில் சேரும். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது உணவை அறிவிக்க வேண்டும். டயரில் ஒட்டிய மண்கூடச் சோதனைக்கு உள்ளாகும் என்பதால் சைக்கிளைக் கழுவித் துடைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

விமானமும் விசாவும் இதே கணக்கோடு பின்னிக் கிடக்கின்றன. பல நிறுவனங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ என்ற அளவு இருக்கிறது. 14 கிலோ சைக்கிள், 4 கிலோ அட்டைப்பெட்டியும் உள்ளடைப்பும் போனால் சாமானுக்கு மிஞ்சுவது 12 கிலோ. உங்கள் பை அதற்குள் அடங்கினால் ஒரே பெட்டியோடு பறக்கலாம், இரண்டாவது பெட்டிக்குக் கட்டணம் இல்லை. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட்-மணிக்கு மேற்பட்டதற்கு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-மணிதான், கவலையில்லை. சமையல் கேஸ் டப்பாவை எந்தப் பையிலும் எடுத்துப் போக முடியாது, இறங்கிய ஊரில் வாங்க வேண்டும். கேஸ் கிடைக்காத நாடுகளுக்குப் பெட்ரோலில் எரியும் அடுப்பு சரி. விசாவைப் பொறுத்தவரை, ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம், குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும். யூரோவெலோ 6 நடுவில் செர்பியாவுக்குள் போய், பிறகு ஷெங்கனில் உள்ள ருமேனியாவுக்கு வருகிறது. செர்பியா ஷெங்கனில் இல்லை. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா வைத்திருப்பவர் திரும்பி உள்ளே வர முடியாது, பலமுறை நுழையும் விசா கேட்டு வாங்க வேண்டும். பாமீருக்கு தஜிகிஸ்தான் விசாவோடு கோர்னோ-படக்ஷான் பகுதிக்கான தனி அனுமதியும் தேவை. எல்லைக் கடவைகள் மூடுவதும் திறப்பதும் உண்டென்பதால் புறப்படும் வாரம் வரை விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். விசா நாள் குறைந்தால் தினசரித் தூரம் கூடும், கூடினால் உடல் களைக்கும், களைத்தால் இடைவெளியைக் கடக்க நாள் அதிகமாகும். உயரமான பகுதியில் இது இன்னும் கூர்மை. 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது மருத்துவ அறிவுரை. அதனால் அங்கே இடைவெளியைக் கிலோமீட்டரில் அளக்காமல் நாளில் அளக்க வேண்டும்.

பட்டியல் தயாரானதும் ஒரு சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையை எதிரில் எழுதுங்கள். ஐரோப்பியக் கோடையில் அறை எடுத்துத் தங்குகிறவருக்கு 6 கிலோ, கூடாரத்தோடு போகிறவருக்கு 10 முதல் 12, பாமீருக்கு உணவும் தண்ணீரும் நீங்கலாக 15 என்பது நடைமுறைக்கு உகந்த எல்லைகள். பிறகு அத்தனையையும் ஏற்றிக்கொண்டு, மூன்று நாள் தொடர்ந்து ஏற்றமும் இறக்கமும் உள்ள ஒரு வழியில் போய்ப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதை கியரையும் பிரேக்கையும் பையின் கட்டையும் ஒருசேரச் சோதித்துவிடும். முதல் இரவு கூடாரத்தை இருட்டில் அடியுங்கள், இரண்டாவது நாள் வேண்டுமென்றே ஒரு டியூபைக் கழற்றி மாட்டுங்கள். வீடு திரும்பியதும் பையிலிருந்து ஒருமுறைகூட வெளியே வராத பொருள்களைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றில் மருந்து, மழைச்சட்டை, உதிரிப் பாகம் மூன்றையும் மட்டும் மறுபடி உள்ளே போட்டுவிட்டு, அதன் பிறகு விமானச் சீட்டு வாங்குங்கள்.